பன்னிரண்டாம் முனை

பெப்ரவரி. ஹாலிஃபாக்ஸ், பெட்ஃபோர்ட் பேசின்.
படகின் விளிம்பில் உறைந்த உப்பு
கையுறையோடு ஒட்டிக்கொள்கிறது.
ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவந்த தண்ணீரில்
பார்க்க ஒன்றுமில்லை.
அதுதான் எங்களுக்கு வேண்டியது:
எல்லாவற்றையும் வடிகட்டி நிறுத்திய பிறகும்
வடிகட்டியைத் தாண்டி வந்துவிடுவது.

ஒடெட் லெப்லாங் குப்பியை மூடுகிறாள்.
அவள் கீழுதட்டில் ஒரு கொப்புளம்,
குளிர் தொடங்கினால் தவறாமல் வரும் வாடிக்கையாளன்.
"இன்றைக்கு யாரும் என்னைச் சிரிக்க வைக்காதீர்கள்."
படகோட்டி உடனே ஒரு கதையைத் தொடங்குகிறான்.

அந்த ஒன்றுமில்லாததை
முப்பத்தொன்றாம் எண் தட்டில் ஊற்றினோம்.
இன்னும் பெயர் வைக்காத கடல் பாக்டீரியா
மங்கலாய்ப் படர்ந்திருந்தது.
காலையில் துளைகள்,
அந்துப்பூச்சி தின்ற கம்பளிபோல்.
ஒவ்வொரு துளைக்கும்
ஒரே ஒரு வைரஸ் பொறுப்பு.

திரவ ஈத்தேனில் முக்கி
நீர் பனியாகத் தெரியும் முன்பே உறையவைத்து
அறுபதாயிரம் படங்கள் எடுத்தேன்.
படமா அது? மூடுபனியில் பட்டாணி.
கணினி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கூட்டியது.
இருபது முகம், பன்னிரண்டு முனை,
எல்லாப் பக்கமும் ஒன்றே என்று வைத்துக்கொள் என்றேன்.
வைத்துக்கொண்டது.
வெள்ளிக்கிழமை திரையில் ஓர் ஓடு சுழன்றது,
நகைக்கடை வெளிச்சத்தில் காட்டுவதுபோல்:
ஒரே புரதம், நானூற்று இருபது தரம்.

"வால் எங்கே?" என்றாள் ஒடெட்.

பாக்டீரியாவைத் துளைக்கிற வால்.
டிஎன்ஏ உள்ளே திணிக்கப்பட்ட வழி,
வெளியே பாயப்போகும் வழியும் அதுவே.
அழகு அவ்வளவு முழுமையாக இருந்ததால்
நான் தேடவே இல்லை.
பன்னிரண்டில் ஒரு முனைதான் வாசல்.
பதினொன்றின் சாயலை அதன்மேல் அப்பி
சராசரி அதைச் சுவராக்கிவிட்டிருந்தது.

மறுபடி. இம்முறை எதையும் வைத்துக்கொள்ளாமல்.
பத்து நாள் கணினி அறை
கொதிக்கும் உலையாய் மூச்சுவிட்டது.
தெளிவு போனது. புரதங்கள் களிமண் உருண்டைகள்.
ஆனால் ஒரு முனையில்
ஐவர் நிற்கவேண்டிய இடத்தில்
வேறொரு புரதம், பன்னிருவராய்,
வட்டமாய்க் கைகோத்து நின்றது. கீழே வால்.
நானூற்று இருபதல்ல, நானூற்றுப் பதினைந்து.
வெண்பாவின் ஈற்றடி ஒரு சீர் குறைந்து நிற்குமே,
அப்படி.

பிறகு அந்தப் புரதத்தின் மடிப்பைத்
தரவுத்தளத்தில் தேடினேன்.
எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டால் யாரோடும் உறவில்லை.
உருவத்தால் தேடினால்
வந்துகொண்டே இருந்தார்கள்:
மண்ணிலிருந்து, மாட்டு வயிற்றிலிருந்து,
வெந்நீர் ஊற்றிலிருந்து,
கடைசியில் ஒடெட்டின் உதட்டிலிருந்து.

"அப்படியானால் என் உதட்டுக்காரன்
இந்தக் கடற்காரனுக்கு என்ன முறை?"
பங்காளி என்றேன். விளங்கவில்லை அவளுக்கு.
சொத்துப் பிரித்து எத்தனையோ கோடி ஆண்டாகியும்,
பேச்சுவார்த்தை அற்றும்,
வீட்டுக்கு அதே வரைபடத்தை வைத்திருப்பவன் என்றேன்.
சிரித்துவிட்டாள். கொப்புளம் வெடித்து
ஒரு துளி ரத்தம்.

அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று
அந்த இருக்கைகளில் வேறு யாரோ வந்தமர்ந்தும்
மடிப்பு மட்டும் பிடிவாதமாய்.
காத்து வைத்தவர் எவருமில்லை.
தப்பாய் மடிந்தவை ஓடாகச் சேரவில்லை,
அவ்வளவுதான்.

மாலை, தொலைபேசியில் சாரங்கன்:
"அம்மா, பஸ்ஸ மிஸ் பண்ணிட்டன்.
ஹொக்கி பிராக்டிஸும் கேன்சல் ஆயிட்டுது.
பிக்கப் பண்ண வாறீங்களா?"

பெயர்ச்சொற்கள் அநேகமாய் எல்லாம் போய்விட்டன.
வேற்றுமை உருபு இருந்த இடத்தில் இருக்கிறது.
வினை கடைசியாய் வந்து
கதவைச் சாத்துகிறது.

திருத்த வாயெடுத்தேன்.
"வாறன்," என்றேன்,
"குளிருக்குள்ள நிக்காத.
வாசலுக்கு உள்பக்கமா நில்."